மின்விளக்கை ஏற்றோம், விரல் ரேகையை மறுத்தோம்

பழம்பெருமை பேசுவதற்கு ஆண்டு விழா மலரைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. கல்லணையில் தொடங்கிக் கடாரம் வரை சென்று திரும்புவது நம் கட்டுரையாளர்க்கெல்லாம் பழகிய பாதை. இவ்வாண்டு நாம் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. பெங்களூருக்கும் கோலார் தங்க வயலுக்கும் நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கிய காலத்தில், அவர்கள் கண்முன் வந்து நின்ற சில புதுமைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். மின்சாரம் வந்தது, கொள்ளைநோய்க்கு ஊசி வந்தது, அச்சு யந்திரம் வந்தது, விரல் ரேகைப் பதிவு வந்தது. இவற்றுள் சிலவற்றை நம்மவர் மனமுவந்து ஏற்றனர். சிலவற்றைத் தயங்கித் தயங்கி ஏற்றனர். ஒன்றை உறுதியாக மறுத்தனர். அது ஏன் என்பதே நம் கேள்வி.

படியாதவன் புதுமையைக் கண்டு அஞ்சுவான், படித்தவன் ஏற்பான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். நம் படித்த பெருமக்களின் பேச்சிலும் இதை அடிக்கடி கேட்கிறோம். நமக்கு இது பொருத்தமாகத் தோன்றவில்லை. ஒரு சமுதாயம் புதிய கருவியொன்றை ஏற்பதும் தள்ளுவதும், அதில் யார் யார் வாழ்கின்றனர், எங்கிருந்து வந்தனர், எதைத் தம் மானமாகக் கருதுகின்றனர் என்பவற்றைப் பொறுத்தது. தங்க வயலின் கதையும் இந்நகரின் கதையும் அதையே காட்டுகின்றன.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்ப்போம். கெம்பே கௌடர் 1537இல் தோற்றுவித்ததாகச் சொல்லப்படும் பேட்டை ஒருபுறம். 1809இல் ஆங்கிலேயர் படை வந்து தங்கிய தண்டு மறுபுறம். இரண்டும் அடுத்தடுத்து இருந்தும் இரண்டு ஊர்களாகவே வளர்ந்தன. பேட்டையில் நெசவாளரும் வணிகரும் தலைமுறை தலைமுறையாகத் தத்தம் தெருக்களில் வாழ்ந்தனர். தண்டுக்கு வந்தவரோ பெரும்பாலும் சென்னை மாகாணத்துத் தமிழர். படைவீரர், ஒப்பந்தக்காரர், கொத்தர், தச்சர், சமையற்காரர், குதிரை பராமரிப்போர், துணி வெளுப்போர் என்று பலரும் படையைத் தொடர்ந்து வந்தனர். 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட சென்னைச் சாப்பர்கள் 1830களில் இங்கே நிலைகொண்டனர். 1864 ஆகஸ்டு முதல் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரை ரயில் ஓடத் தொடங்கியதும், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கு வருவது ஓரிரவுப் பயணமாகிவிட்டது. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் பேட்டையைச் சேர்ந்த நகரில் 69,000 பேருக்கு மேலும், தண்டில் 89,000 பேருக்கு மேலும் இருந்தனர். வந்தேறிய ஊர் பழைய ஊரைவிடப் பெரிதாகிவிட்டது.

தங்க வயலின் வளர்ச்சி இதனினும் வேகமானது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழிலை மேற்கொண்டனர். 1891இல் 7,000க்குச் சற்று மேற்பட்டிருந்த மக்கள்தொகை, பத்தே ஆண்டில் 38,000ஐத் தாண்டியது. வந்தவருள் மிகப் பலர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் அவர்களுக்கு நிலமில்லை. பொதுக் கிணற்றில் நீர் எடுக்க உரிமையில்லை. ஊர்த் தெருவில் நடக்கவும் தடை. 1876 முதல் 1878 வரை நாட்டை உலுக்கிய பெரும்பஞ்சத்தின் நினைவு இன்னும் ஆறவில்லை. ஆண்டையின் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கியவன், சுரங்கத்தில் காசாகக் கூலி வாங்கினான். பூமிக்கடியில் இறங்குவது உயிருக்கு ஆபத்து என்பதை அவன் அறியாதவனல்லன். ஊரில் மிதிபட்டுக் கிடப்பதைவிட அது மேல் என்று எண்ணினான்.

இத்தகைய மக்கள் கூட்டத்திற்குப் புதிய யந்திரத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? காக்க வேண்டிய பரம்பரைத் தொழில் அவர்களிடம் இல்லை. பழைய ஏற்பாடு குலைந்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பேட்டை நெசவாளனுக்கு ஆலைத்தறி எதிரி. ஏனெனில் அவனிடம் கைத்தறி இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்கோ நீராவிப் பொறியும், காற்றழுத்தத் துளைக் கருவியும், ஆழத்தில் இறக்கி ஏற்றும் கூண்டும் தம் உழைப்போடு சேர்ந்து வந்த கருவிகள். ஆண்டையின் வயலில் அவனுக்குக் கிடைத்திராத தொழில்நுட்பப் பழக்கம் அவனுக்கு இங்கே வாய்த்தது.

இனி மின்சாரத்தின் கதை. சுரங்கம் ஆழமாகப் போகப் போக, நீராவிப் பொறிகளுக்கு விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயர், காவிரி பாய்ந்து விழும் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்துத் தங்க வயலுக்கு அனுப்பலாம் என்ற திட்டத்தை மேற்கொண்டார். பொறியாளர் ஜோலி டி லோத்பினியர் அதனை வகுத்தார். சென்னை அரசின் இசைவும் வேண்டியிருந்தது. காவிரி கீழே தஞ்சைக்குப் போகும் ஆறல்லவா? சுழலியைச் சுற்றிய நீர் குறையாமல் மீண்டும் ஆற்றிலேயே சேரும் என்பதால் இது நடந்தேறியது. 1902 ஜூன் 30ஆம் நாள், 92 மைல் நீளமுள்ள கம்பி வழியே மின்சாரம் தங்க வயலை எட்டியது. முதலில் சென்றது ஏறத்தாழ 4,000 குதிரைத்திறன். அக்காலத்தில் அவ்வளவு தொலைவு மின்சாரத்தைக் கொண்டுசெல்வது உலகிலேயே அரிய செயல். திட்டத்தைத் தாங்கி நின்ற சேஷாத்ரி ஐயர் அதைக் காணவில்லை. 1901 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

அந்தக் கம்பி சென்ற வழியை எண்ணிப் பாருங்கள். எத்தனையோ சிற்றூர்களின் வயல்களுக்கு மேலாக அது போயிற்று. அவ்வூர்களில் அகல்விளக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது. தலைநகரான மைசூருக்கும் பெங்களூருக்கும் முன்பே சுரங்கத்திற்கு மின்சாரம் கிடைத்தது. காரணம் வெளிப்படை. இரவு பகல் என்ற வேறுபாடின்றி வாங்குவதற்கு ஒரே இடத்தில் ஒரு பெரிய வாடிக்கைக்காரர் இருந்தார். தங்கத்தின்மேல் அரசுக்கு ராயல்டியும் வந்தது. தாதுக்கல்லை இடிக்கும் இரும்பு உலக்கைகள் ஓய்வின்றி இடிக்க வேண்டும். அதற்காகவே காவிரி மின்னாயிற்று. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் சுரங்கம் நிற்கும் என்ற கவலையும், 1911இல் கண்ணம்பாடியில் அணை கட்டத் தொடங்கியதற்கு ஒரு காரணம். தங்க வயலின் தேவை ஓர் ஆற்றின் போக்கையே மாற்றியமைத்தது என்று கூறினும் மிகையாகாது.

பெங்களூர்த் தெருக்களில் 1905 ஆகஸ்டில் மின்விளக்கு எரிந்தது. ஆசியாவிலேயே இதுதான் முதல் நகரம் என்று நம் ஊரார் பெருமையாகச் சொல்வது வழக்கம். அன்பர்கள் வருந்த வேண்டா. டார்ஜிலிங்கில் 1897லும், கல்கத்தாவில் 1899லும் மின்சாரம் வந்துவிட்டது. நெடுந்தொலைவிலிருந்து அருவியின் ஆற்றலைக் கொண்டுவந்து தெருவுக்கு ஒளி தந்தது என்ற பெருமையே நம் நகருக்குப் போதும்.

தெருவுக்கு வந்த விளக்கு வீட்டுக்குள் நுழையப் பல ஆண்டுகள் ஆயின. இங்கும் மக்கள் அமைப்பே தீர்ப்பளித்தது. சொந்த வீட்டுக்காரர் கம்பி இழுத்துக்கொள்ளலாம்; வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? தண்டிலும் பேட்டையிலும் ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள் வாழும் 'வட்டார' வீடுகள் மிகுதி. வீட்டுக்காரர் நடையில் ஒரு விளக்குப் போடுவார். இரவு ஒன்பது மணி அடித்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அதன்பின் படிக்கும் பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான் துணை. நம் முதியோர் பலர் வாயிலாக இதைக் கேட்டிருக்கிறோம்.

மாலையில் விளக்கேற்றுவது நம் இல்லங்களில் இலக்குமியை அழைப்பது அல்லவா? அப்படியிருக்க, திரியும் எண்ணெயும் இல்லாத கண்ணாடிக் குமிழை நம் பெண்கள் எவ்வாறு ஏற்றனர்? அவர்கள் குத்துவிளக்கை எடுத்து ஒதுக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் மின்விளக்கை நோக்கியும் ஒரு கும்பிடு போட்டனர். இன்றும் பல வீடுகளில் அப்பழக்கம் உண்டு. வழிபாட்டுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துப் புதியதைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டனர். இப்படிச் சேர்த்துக்கொள்ள இடமிருக்கும் புதுமைக்கு எதிர்ப்புத் தோன்றுவதில்லை.

ஊசியின் கதையிலும் இதையே காண்கிறோம். 1898 ஆகஸ்டில் பிளேக் நோய் பெங்களூருக்கு வந்தது. ரயில் வழியே மக்கள் வந்தனர், சரக்கு வந்தது. நோயும் அவ்வழியே வந்தது. 1891இல் 1,80,000 ஆக இருந்த இரு பகுதிகளின் மொத்த மக்கள்தொகை, 1901இல் 1,59,000 ஆகக் குறைந்தது. இறந்தவர் பலர், ஓடியவர் அவரினும் பலர். ஹாஃப்கின் என்ற அறிஞர் 1897இல் பம்பாயில் உருவாக்கிய தடுப்பு மருந்தை அதிகாரிகள் கொணர்ந்தனர். மக்கள் அஞ்சினர். அவர்கள் அஞ்சியது ஊசியை மட்டுமன்று. அதனுடன் வீடு புகுந்து சோதிப்பதும், கூரையைப் பிரிப்பதும், நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து முகாமுக்கு இழுத்துப்போவதும் சேர்ந்தே வந்தன. பெண்டிரின் உடலை அந்நிய ஆடவர் தொட்டுப் பார்ப்பதா என்ற கொதிப்பு நாடெங்கும் எழுந்த காலம் அது.

அம்முகாம்களில் பணியாற்றியவருள் டாக்டர் பல்பு ஒருவர். சென்னையில் மருத்துவம் பயின்று தேறியும், ஈழவர் என்ற காரணத்தால் பிறந்த திருவிதாங்கூரில் அவருக்கு அரசுப்பணி மறுக்கப்பட்டது. மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. நோய் பரவிய நாளில் உயிரைப் பொருட்படுத்தாது இந்நகரில் தொண்டாற்றினார். திருவிதாங்கூருக்கு நல்ல மருத்துவர் தேவையில்லாமல் இருந்ததா? அங்கே மருத்துவம் வந்துவிட்டது. அதை யார் கையால் பெறுவது என்பதைச் சாதி முடிவு செய்தது.

காலப்போக்கில் ஊசியும் நிலைத்தது, பிளேக் அம்மனும் நிலைத்தாள். பெங்களூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள. ஒரு கையில் ஊசி குத்திக்கொண்டு மறு கையால் அம்மனுக்குக் கூழ் ஊற்றினர் என்று இதைக் கேலி செய்பவர் உண்டு. நமக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. அச்சத்தைத் தணிக்க அம்மன் இருந்தாள். அச்சம் தணிந்தவன் ஊசிக்குக் கை நீட்டினான்.

மீண்டும் தங்க வயலுக்குச் செல்வோம். அங்கே நம்மவர் தாமே விரும்பிக் கைக்கொண்ட கருவி ஒன்றுண்டு. அதுதான் அச்சு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை அமைந்தது. 1907இல் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைச் சுரங்கத் தொழிலாளர் ஆவலுடன் வாங்கினர். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். பண்டிதர் 1914இல் மறைந்தார். பிற்காலத்தில், 1926இல், ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்க வயலிலிருந்தே வெளியிடலானார். சித்தார்த்த புத்தகசாலையார் பண்டிதரின் நூல்களை அச்சிட்டனர். இரவுப் பள்ளிகளும் படிப்பகங்களும் தோன்றின. மூங்கில் தட்டியால் கட்டிய குடிசையில் வாழ்ந்து, பாறை உடைத்துக் கூலி பெற்ற மக்கள், தமக்கென ஏடு நடத்தினர்.

எழுத்து அவர்களுக்கு என்னவாக இருந்தது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். கிராமத்தில் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தனர். கைநாட்டு என்பது அவர்கள் அடிமைப்பட்ட வாழ்வின் முத்திரை. தங்க வயலுக்கு வந்து, இரவுப் பள்ளியில் தன் பெயரைத் தானே எழுதக் கற்றவனுக்குக் கையெழுத்து ஒரு விடுதலைப் பத்திரத்திற்கு நிகரானது. கைநாட்டுப் பேர்வழி என்பது நம் மொழியில் இன்றும் வசைச்சொல் அன்றோ?

இந்நிலையில்தான் விரல் ரேகை வந்தது. இக்கலை பிறந்ததும் நம் நாட்டில்தான் என்பதைப் பலர் அறியார். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளில் பதியச் செய்தார். சொன்ன சொல்லைப் பின்னர் மறுக்காதிருக்க இது ஓர் உபாயம். பிறகு எட்வர்டு ஹென்றி என்ற போலீஸ் தலைவரின்கீழ், அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தனர். 1897இல் கல்கத்தாவில் ரேகை நிலையம் அமைந்தது. முறைக்கு ஹென்றியின் பெயர் நிலைத்தது. உழைத்த இருவரையும் உலகம் மறந்தது. அது வேறு கதை.

இந்தக் கருவி பிறந்தபின் யார்மீது பயன்பட்டது? குற்றவாளிகள்மீது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் முழு முழுச் சாதியாரையே ரேகை வைக்கச் செய்தது. நம் தென்னாட்டு மக்களுக்கு ரேகை என்றால் போலீஸ், போலீஸ் என்றால் கச்சேரி. அந்தக் கறையோடுதான் அது ஊருக்குள் வந்தது.

கடல் கடந்த தமிழர் இதனை முன்பே எதிர்கொண்டனர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906இல், இந்தியரெல்லாம் பத்து விரல் ரேகையும் பதிந்து பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற ஆணை எழுந்தது. பத்து விரலையும் பதிவது குற்றவாளிகளுக்கு உரிய முறை என்று காந்தியடிகள் ஹென்றியின் நூலைக் கொண்டே அறிந்தார். சத்தியாக்கிரகம் என்ற போர்முறை அங்கே பிறந்தது. சிறை சென்றவருள் தமிழர் முன்னணியில் நின்றனர் என்று அடிகளே பலமுறை பாராட்டியிருக்கிறார். 1908 ஜனவரியில் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: கட்டாயச் சட்டத்தை நீக்கினால், இந்தியர் தாமே முன்வந்து பதிவு செய்துகொள்வர். பிப்ரவரி 10ஆம் நாள் அடிகள் பதிவு செய்யப் போகும் வழியில், இதை ஏற்காத ஒருவர் அவரைத் தாக்கினார். உடனிருந்த ஜோகன்னஸ்பர்க் தமிழர் தலைவர் தம்பி நாயுடுவும் அடிபட்டார். படுத்த படுக்கையிலிருந்தே காந்தியடிகள் ரேகை வைத்தார். ஸ்மட்ஸ் வாக்கைக் காக்கவில்லை என்று கண்டதும், ஆகஸ்டு 16ஆம் நாள் மசூதி முன்றிலில் அதே சீட்டுகளைக் குவித்து எரித்தனர்.

பிப்ரவரியில் வைத்ததும் அதே மை, ஆகஸ்டில் எரிந்ததும் அதே மை. விரும்பிக் கொடுத்தபோது அது நட்பின் அடையாளம். கட்டாயப்படுத்தியபோது அடிமையின் சூடு. அயோத்திதாசரின் சங்கத்திற்குத் தென்னாப்பிரிக்காவிலும் கிளை இருந்தது. அங்கு நடந்தது தங்க வயலின் படிப்பகங்களிலும் பேசப்பட்டிருக்கும் என்று நாம் ஊகிப்பதில் தவறில்லை.

1930இல் தங்க வயல் நிர்வாகம் தொழிலாளர் யாவரையும் பதிவு செய்து, விரல் ரேகை எடுக்கத் தலைப்பட்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்ற பல சுரங்கங்களிடையே ஆள் மாறிப் போவதும், ஒன்றில் நீக்கப்பட்டவன் வேறு பெயரில் மற்றொன்றில் சேர்வதும் நிர்வாகத்திற்குத் தலைவலியாக இருந்தன. தங்கம் களவு போகிறது என்ற ஐயமும் நெடுநாளையது. அதற்கென்றே 1897இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. நிர்வாகத்தின் கண்ணோடு பார்த்தால், ரேகைப் பதிவு சிக்கனமான, பிழையற்ற, அறிவியல் முறையான ஏற்பாடு. அதில் யாரும் குற்றங்காண முடியாது என்று அவர்கள் எண்ணியிருப்பர்.

தொழிலாளர் வேலைக்கு இறங்க மறுத்தனர். மூன்று வாரம் சுரங்கம் நின்றது. அன்று அங்கே முறையாக அமைந்த தொழிற்சங்கம் இல்லை. சங்கத்தை ஏற்கும் சட்டமும் சமஸ்தானத்தில் இல்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ஒரு முகமாக நின்றனர். வேலைநிறுத்தத்தின் வெற்றி தோல்விக் கணக்கில் இறங்குவது நம் நோக்கமன்று. மறுத்தவர் யார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பாதாளத்தில் இறங்கும் கூண்டுக்கு அவர்கள் அஞ்சவில்லை. மின்சாரத்துக்கு அஞ்சவில்லை, நாள்தோறும் வெடிமருந்தைக் கையாண்டவர்களுக்கு மையும் தாளும் ஒரு பொருட்டா? யந்திரத்தோடு பழகியவர், ஏடு படித்தவர், அச்சகம் கண்டவர், இவர்களே மறுத்தனர். அறியாமையே காரணம் என்று இதற்குப் பெயர் வைக்க முடியுமா?

பெயரெழுதக் கற்றவனைப் பார்த்து, 'உன் கையெழுத்து வேண்டா, உன் விரலே போதும்' என்றது அந்தக் கருவி. அவன் சொல்லை நம்பாமல் அவன் தோலை நம்பியது. மேலும், ஒருமுறை நீக்கப்பட்டவனுக்கு எந்தச் சுரங்கத்திலும் மீண்டும் பிழைப்பில்லை என்ற அச்சமும் நியாயமானதே. அதிகாரியின் ரேகையை யாரும் கேட்கவில்லை என்பதையும் அவர்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். மின்விளக்குக்குக் கும்பிடு போட்டு வீட்டில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அம்மனையும் ஊசியையும் ஒருங்கே வைத்துக்கொள்ள முடிந்தது. ரேகையை எங்கே வைப்பது? கிராமத்தில் விட்டுவந்த கைநாட்டு ரயிலேறிப் பின்தொடர்ந்து வந்ததைப் போல அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

பிற்காலத்தில் நம் நகருக்கு வந்த புதுமைகளுக்கு இத்தகைய தடை எழவில்லை. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக வந்தன. தண்டிலும் தங்க வயலிலும் இரண்டு மூன்று தலைமுறையாக ஆலைச் சங்குக்கும் ஷிப்டுக்கும் பழகிய குடும்பங்கள் இங்கே இருந்தது தற்செயலானதன்று. ரயிலேறி வந்த பாட்டன், துளைக் கருவி பிடித்த தந்தை, கடைசல் யந்திரம் பிடித்த மகன் என்று பல வீடுகளில் வரிசை காணலாம். நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் பெண்களும் சென்றனர். மாதச் சம்பளமும், கம்பெனிப் பேருந்தும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடவே வருவதும் தயங்கிய தந்தையரையும் இசைய வைத்தன.

1961இல் ஜப்பானியரின் சிட்டிசன் நிறுவனக் கூட்டுறவுடன் எச்.எம்.டி. கைக்கடிகாரம் பெங்களூரில் தயாராயிற்று. நம்மவர் அதைக் கட்டிக்கொண்டது ஷிப்டு நேரத்துக்கு என்று நினைப்போர் நினைக்கட்டும். மூன்றே முக்கால் நாழிகை என்று பஞ்சாங்கத்தில் இருந்த ராகு காலத்தை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று நிமிடம் பிசகாமல் பார்க்கவும் அதுவே உதவிற்று. மருமகளுக்குப் பெண் பார்க்கும் வேளையும், புதுமனை புகும் வேளையும் கைக்கடிகாரத்தால் திருத்தமாயின. செய்தவர் எண்ணாத பயனை வாங்கியவர் கண்டுபிடித்தனர்.

தங்க வயல் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அதற்குப்பின் பத்தாண்டு கழிவதற்குள் நாடு முழுவதும் ஆதார் வந்தது. 2010இல் முதல் எண்கள் வழங்கப்பட்டன. அதனை முன்னின்று நடத்திய நந்தன் நிலேகனி பெங்களூர்க்காரர். பத்து விரல்களையும் கண்ணின் பாவையையும் பதிந்துகொள்ளக் கோடிக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். டிரான்ஸ்வாலில் சிறைக்கு அனுப்பியதும் 1930இல் சுரங்கத்தை நிறுத்தியதுமான காரியம் இப்போது கிளர்ச்சியின்றி நடந்துவிட்டது. கட்டாயமாக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2018இல் தீர்ப்பானது உண்மையே. எனினும் தெருவில் பெரும் எதிர்ப்பு எழவில்லை. செல்வரும் வறியரும் ஒருங்கே விரல் வைத்ததால் அதிலிருந்த குற்றவாளிக் கறை பெரிதும் அகன்றது. அதற்கு ஈடாக அரிசியும் உதவித்தொகையும் கிடைக்கும் என்ற வாக்குறுதியும் இருந்தது. எந்தப் பத்திரமும் இல்லாத இடம்பெயர்ந்த தொழிலாளிக்கு, நானும் ஓர் ஆள் என்று காட்ட அது ஒரு சான்றாயிற்று. மறுத்த பாட்டனையும் ஏற்ற பேரனையும் நாம் எதிரெதிரே நிறுத்த விரும்பவில்லை. இருவர் முன்னும் வைக்கப்பட்ட விலை வேறு.

ஆயினும் ஒன்று. கல்லும் சிமெண்டும் தொட்டுத் தேய்ந்த முதியோரின் விரலில் ரேகை சரியாகப் படிவதில்லை. நியாயவிலைக் கடையில் ஒரு விரல், இன்னொரு விரல் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வரச் சொல்கிறார்கள். கையால் மிகுதியாக உழைத்தவரையே இக்கருவி அறிந்துகொள்ள மாட்டேன் என்கிறது.

மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன்னரே பெங்களூருக்கு ரயில் புறப்படுகிறது. சுரங்கம் மூடியபின் வேலை தேடி நாள்தோறும் வந்து திரும்பும் ஆயிரக்கணக்கான தமிழர் அதில் நெருக்கியடித்து ஏறுகின்றனர். அவருள் 1930இல் வேலைநிறுத்தம் செய்தவரின் கொள்ளுப்பேரரும் பேத்தியரும் இருப்பர். பெங்களூர் வந்து சேர்ந்ததும், அலுவலக வாயிலில் சுவரோடு பதித்திருக்கும் சிறு பெட்டியில் கட்டை விரலை வைத்துவிட்டு உள்ளே போகின்றனர்.